நட்சத்திர பங்களா கட்டிய ராஜாவும் சிங்காரத்தோப்புச் சிறையும்

வாசகர் கேள்வி: ஜனவரி 11

திருவிதாங்கூர் ராஜா சுவாதி திருநாளைப் பற்றி யார் எழுதினாலும் இசை, இசை, இசைதான். அவர் 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் கட்டியவர். ஆங்கிலப் பள்ளிக்கூடம் தொடங்கியவர். அப்படிப்பட்ட மனிதரைக் கன்னியாகுமரிப் பக்கம் மட்டும் ஏன் 'நீசன்' என்று திட்டிவைத்திருக்கிறார்கள்? அறிவை இவ்வளவு மதித்த ஒரு ராஜா ஒடுக்குகிறவராக இருந்திருக்க முடியுமா?

ஜனவரி 11, இரவு

முடியும்.

நான் அந்தப் 'பக்கத்து' ஆள்தான், அதனால் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம். தேதிகளை மட்டும் அடுக்குகிறேன். 1837: ஊருக்கு நடுவில் உள்ள குன்றில் வானாய்வகம். ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட் அதற்கு இயக்குநர். அந்த ஊர் மக்களுக்கு அது நட்சத்திர பங்களா. 1838 கடைசியில்: அதே ராஜாவின் ஆட்கள் சாமித்தோப்பிலிருந்து, அய்யாவழியைத் தொடங்கிய வைகுண்டரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பு என்ற இடத்தில் சிறை. 1839 தொடக்கத்தில்தான் விடுதலை.

அதே ராஜா, அதே ஊர், இரண்டுக்கும் நடுவே இரண்டு வருஷம்கூட இல்லை. இசைப் புத்தகத்தில் ஒன்று வரும், வழிபாட்டுப் புத்தகத்தில் இன்னொன்று வரும். இரண்டையும் ஒரே பக்கத்தில் நான் பார்த்தது ரொம்பக் குறைவு.

1829-இல் நாடார் பெண்கள் தோளில் சீலை போடுவதற்குத் தடை போட்டதும் இதே சுவாதி திருநாள்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 12, காலை

தப்பு. நேற்று வேகத்தில் எழுதிவிட்டேன். 1829 உத்தரவு பிப்ரவரி மாதத்தது. அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் சுவாதியின் சிற்றன்னை ராணி கௌரி பார்வதி பாய். பதினாறு வயது நிறைந்து சுவாதி கையில் ஆட்சி வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில். ஆக, உத்தரவு அவருடையது அல்ல. ஆட்சியில் இருந்த பதினேழு வருஷமும் அதை அவர் எடுக்கவில்லை என்பது மட்டும் அவருடையது.

திருத்தியதும் என் வாதம் கொஞ்சம் இளைத்துவிட்டது. பரவாயில்லை.

ஜனவரி 12, மதியம்

'நீசன்' எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். அய்யாவழிக்காரர்களின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானையிலிருந்து. 1841 வாக்கில் வைகுண்டரின் சீடர் அரிகோபாலன் ஏட்டில் எழுதியது, அச்சுக்கு வந்தது 1939-இல். அதில் திருவிதாங்கூர் ராஜா கலிநீசன், வெள்ளைக்காரன் வெண்நீசன். இருவருக்கும் பாரபட்சம் கிடையாது. இன்று சிலர் அதை ராஜா எதிர்ப்பு என்று மட்டும் வாசிக்கிறார்கள், வேறு சிலர் வெள்ளையர் எதிர்ப்பு என்று மட்டும் வாசிக்கிறார்கள். எழுதினவர் இரண்டு பேரையும் ஒரே தராசில்தான் வைத்திருக்கிறார்.

இன்னொன்று. வைகுண்டருக்குப் பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறிச் சாதியில் பிறந்த பிள்ளைக்கு முடியாவது சூடுவதாவது என்று மேல்சாதிக்காரர்கள் எகிற, முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. ராஜாவின் பட்டத்தையும் பாருங்கள்: குலசேகரப் பெருமாள். பெருமாள் என்பது அங்கே சாமியின் பெயர் மட்டுமல்ல, சிம்மாசனத்தின் பெயரும்தான். பிள்ளைக்கு வைத்த பெயரே அத்துமீறலாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

ஜனவரி 14

முலைவரியை ஏன் சொல்லவில்லை, மார்பின் அளவைப் பார்த்து வரி போட்டார்களே என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்.

நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பியிருந்தேன், மேடையில்கூடப் பேசியிருக்கிறேன். முலைக்கரம் என்ற வரி இருந்தது உண்மை. அது ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மீதான தலைவரி. ஆணுக்குத் தலைக்கரம், பெண்ணுக்கு முலைக்கரம். அளந்து பார்த்து வசூலித்தார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. வரி கேட்டவர்களிடம் மார்பையே அறுத்துக் கொடுத்தாள் என்ற சேர்த்தலை நங்கேலி கதை வாய்மொழியாக வந்த கதை. கதையாக அதற்கு வலு உண்டு, ஆவணமாக எடுத்து வீசினால் எதிராளி அதைத் தட்டிவிட்டு, கூடவே ஆவணம் உள்ள விஷயங்களையும் தட்டிவிடுவான். எனக்கே நடந்தது. மேடையிலிருந்து இறங்கியதும் ஒரு பையன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

உள்ளதே போதும். தலைக்கு வரி, பனைக்கு வரி. அகிலத்திரட்டு பாட்டுக்குத் தாலிக்கு ஆயம், கம்புத்தடிக்கு ஆயம் என்று அடுக்கிக்கொண்டே போகும்.

ஜனவரி 19

தோள்சீலை பற்றி ஒழுங்காக எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

நாடார் பெண்கள் (அன்றைய ஆவணங்களில் வேறு பெயர், அதை இங்கே எழுதப் பிடிக்கவில்லை) மார்பை மறைக்கக் கூடாது என்பது வழக்கம். 1810-களில் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த மன்றோ, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டார். குப்பாயம் என்றால் தொளதொளவென்று ஒரு சட்டை. பெண்களுக்கு அது போதவில்லை. மேல்சாதிப் பெண்கள் போடுவது போலத் தோளில் சீலை போட வேண்டும் என்றார்கள். சண்டையே அதில்தான். உடம்பு மறைவதைப் பற்றிய சண்டையாக இருந்திருந்தால் குப்பாயத்தோடு முடிந்திருக்கும். தோளில் கிடக்கும் ஒரு முழத் துணி யாருடைய அடையாளம் என்பதுதான் வழக்கு. சந்தையில் சீலையைக் கிழித்தார்கள், பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். 1822 தொடங்கி 1859 வரை விட்டுவிட்டு எரிந்தது.

எங்கள் பாட்டி தன் பாட்டியைப் பற்றி ஒன்று சொல்வாள். தொண்ணூறு வயதுக் கிழவி, கண் சரியாகத் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் கை தானாகத் தோளுக்குப் போகுமாம். சீலையை இறக்கத்தான். செருப்பு போட்டவன் என்றால் பெரிய ஆள் என்று கைக்குத் தெரியும். பேத்திகள் சிரிப்பார்களாம். "சட்டம் மாறிட்டு பாட்டி, நம்ம ஆளுவளும் செருப்பு போடுதாவ" என்றால் கிழவி கையை மடியில் வைத்துக்கொள்வாளாம். அடுத்த செருப்புச் சத்தத்துக்கு மறுபடியும் கை மேலே போகும்.

எங்கள் பாட்டி இதைச் சொல்லும்போது அவளும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

வைகுண்டர் கோயில் உள்ள சாமித்தோப்புக்கு நான் முதலில் போனது பத்தொன்பது வயதில், பகுத்தறிவுத் திமிரோடு. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், தலையில் துண்டு கட்ட வேண்டும் என்றார்கள். சட்டையைக் கழற்றுவது எல்லாக் கோயிலிலும் பழகினது. தலைப்பாகை? கோயிலுக்குள் தலையில் துணியா? எனக்குக் கட்டத் தெரியவில்லை. இரண்டு தரம் அவிழ்ந்து கழுத்தில் விழுந்தது. பின்னால் நின்ற பெரியவர் ஒன்றும் பேசாமல் துண்டை உதறி, முறுக்கி, என் தலையைப் பிடித்து நேராக்கி, சுற்றிச் செருகினார். "குனியாதடே" என்றார், அவ்வளவுதான். உள்ளே கருவறையில் சிலை இருக்கும் என்று பார்த்தால் நிலைக்கண்ணாடி. அதில் நான், தலைப்பாகையோடு, நெற்றியில் நாமத்தோடு. தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற கூட்டத்துக்கு, தலையில் கட்டிக்கொண்டுதான் சாமி முன்னால் நிற்க வேண்டும் என்று ஒருவர் விதித்திருக்கிறார். முடிசூடக் கூடாது என்று பெயரை மாற்றினார்களே, அதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

சாமி நம்பிக்கை வரவில்லை. அந்தப் பெரியவரின் கை மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

ஜனவரி 20

நேற்று எழுதிவிட்டுப் படுத்தபின் தோன்றியது. நம்பூதிரியிடமிருந்து ஈழவர் 36 தப்படி, புலையர் 96 தப்படி தள்ளி நிற்க வேண்டும் என்று ஒரு கணக்கு அந்தக் காலத்துக் குறிப்புகளில் வரும். குன்றின் மேலே நட்சத்திரத்துக்கு இடையிலான கோணத்தை அளக்கிறார்கள், கீழே மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான தூரத்தை அளக்கிறார்கள். அளப்பதில் அந்த நாடு கெட்டி.

ஜனவரி 21

மேலே உள்ளது ரொம்ப அழகாக வந்துவிட்டது, அதனாலேயே எனக்குச் சந்தேகம். தொலைநோக்கியை வாங்கினவனும் தீண்டாமைத் தூரத்தை வகுத்தவனும் ஒருவன் அல்ல. ராஜாவுக்கு முன்பே அந்த 96 தப்படி இருந்தது. அவர் அதைப் பாதுகாத்தார் என்று மட்டும் சொல்லலாம்.

ஜனவரி 27

சுவாதியோடு நிற்க வேண்டாம், அவருக்குப் பின் வந்த தம்பியைப் பாருங்கள். உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1860 வரை ஆண்டவர். என்னைக் கேட்டால் இந்தக் கேள்விக்கான ஆள் இவர்தான், சுவாதி அல்ல.

இவருக்கு மேனாட்டு மருத்துவத்தில் பித்து. அரண்மனைக்குள்ளேயே மருந்துச்சாலை. உடற்கூறு படிக்க எலும்புக்கூடு வேண்டும், ஆனால் செத்தவன் எலும்பைத் தொட்டால் தீட்டு. என்ன செய்தார் தெரியுமா? யானைத் தந்தத்தில் மனித எலும்புக்கூடு செய்வித்துக்கொண்டார். 1851 லண்டன் கண்காட்சிக்கு விக்டோரியாவுக்குத் தந்தச் சிம்மாசனம் அனுப்பியதும் இவர்தான், ஆக தந்தத்துக்கும் தச்சருக்கும் பஞ்சமில்லை. விலா எலும்பு ஒவ்வொன்றாகச் செதுக்கியிருப்பார்கள். ஆசாரம் கெடாமல் அறிவு வளர்க்க வேண்டும் என்றால் இப்படித்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

அந்த எலும்புக்கூட்டில் சாதி தெரிந்திருக்குமா என்று கேட்கத் தோன்றும். கேட்கிறேன், பதில் சொல்ல வேண்டாம்.

இவர் காலத்தில்தான் 1855-இல் அடிமை முறை ஒழிப்பு அறிவிப்பு வந்தது. 1859 ஜூலை 26-இல் தோள்சீலை அறிவிப்பும் வந்தது. இரண்டாவதை முழுதாக வாசிக்க வேண்டும். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முரட்டுத் துணியை முக்குவ (மீனவ) சாதிப் பெண்கள் மாதிரிக் கட்டிக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அல்ல. இதுதான் சாரம். மனித உடம்பை எலும்பு எலும்பாகப் படித்த ராஜா, அந்த உடம்பின் மேல் துணி எந்தப் பக்கம் விழலாம் என்று கையெழுத்துப் போடுகிறார். அதுகூடச் சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கின பிறகு.

திவான் யார்? மாதவ ராவ். கும்பகோணத்துக்காரர், சென்னையில் கணிதமும் இயற்பியலும் பாடம் நடத்தினவர். கலவரம் உச்சத்தில் இருந்த 1858 டிசம்பரில் பழைய வழக்கத்தை மீறக் கூடாது என்று அறிவிப்பு விட்டவரும் அவரே. ஆக அரண்மனையில் விஞ்ஞானம் தெரியாதவர் என்று யாருமே இல்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 2

கால்டிகாட்டுக்குப் பின் வந்த புரூன் என்ற ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றி ஒரு நண்பர் எழுதச் சொன்னார். உலக அளவில் பேசப்படும் வேலை இவருடையதுதான். பூமியின் காந்தப்புலம் நேரத்துக்கு நேரம் லேசாக அசையும். அது உயரத்தைப் பொறுத்து மாறுகிறதா என்று பார்க்க 1855-இல் அகத்தியமலை உச்சியில் இன்னொரு நோக்கு நிலையம் வைத்தார். ஆறாயிரம் அடிக்கு மேல். கீழே திருவனந்தபுரத்தில் ஒரு காந்த ஊசி, மேலே ஒரு காந்த ஊசி, இரண்டையும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். அளவீடுகளை வெளியிட்டபோது தலைப்பிலேயே 'திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகங்கள்' என்று போட்டார்.

நான் அந்த மலை ஏறியிருக்கிறேன், இரண்டு நாள் பயணமாக. கடைசிப் பகுதியில் வழுக்குப் பாறையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். என் பையில் ஒரு தண்ணீர்ப் புட்டியும் ஒரு பொட்டலம் அவலும்தான், அதற்கே முழங்கால் நடுங்கியது. ஆடக் கூடாத, ஈரம் படக் கூடாத கருவிகளை அந்த அட்டைக் காட்டில் யாரோ தலையிலும் தோளிலும் ஏற்றியிருக்கிறார்கள். கூரை போட மரத்தை ஏற்றியிருக்கிறார்கள். தலைப்பில் மகாராஜா இருக்கிறார். தோள்கள் இல்லை.

சிலப்பதிகாரம் ஞாபகம் வந்தது. கண்ணகிக்குச் சிலை வடிக்க இமயத்திலிருந்து கல் சுமந்தவர்கள் பெயர் நமக்குத் தெரியும்: கனகன், விசயன். ஏன் தெரியும்? அவர்கள் ராஜாக்கள். ராஜா கல் சுமந்தால் காப்பியம்.

(பெண்களை அந்த மலையில் ஏற விடத் தொடங்கியது 2019-இல், அதுவும் நீதிமன்றம் சொன்ன பிறகு. நான் ஏறினபோது என் மனைவி அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றி அவளே எழுதினால்தான் நியாயம். எழுத மாட்டாளாம்.)

பிப்ரவரி 3

சுமந்தவர்கள் என்றதும் ராதாநாத் சிக்தாரைச் சொல்லாமல் விட்டது குறை. திருவிதாங்கூர் இல்லை, வங்காளம். ஆனால் இந்த இழைக்கு இவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார்.

1831-இல் இருபது வயது நிறையும் முன்பே, நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரு முக்கோண அளவைத் துறையில் கணிப்பாளராகச் சேர்ந்தவர். டேராடூனில் இருந்தபோது வான்சிட்டார்ட் என்ற மாஜிஸ்திரேட், அளவைத் துறைக் கூலியாட்களைப் பிடித்துத் தன் மூட்டைகளைச் சும்மா சுமக்க வைத்தார். சிக்தார் ஒத்துக்கொள்ளவில்லை. மூட்டையை மடக்கி வைத்துக்கொண்டு, சட்டப்படி கேள் என்றார். வழக்கு சிக்தார் மீதே திரும்பியது. 1843-இல் 200 ரூபாய் அபராதம். கட்டினார். ஆனால் விஷயம் பத்திரிகைக்குப் போய் நாறிவிட்டது.

அதே கைதான் பிறகு பதினைந்தாம் சிகரத்தின் உயரத்தைக் கணக்குப் போட்டது, 1852 வாக்கில். 1856-இல் அறிவித்தபோது 29,002 அடி. பெயர் வைத்தது எவரெஸ்ட் என்று, 1843-லேயே ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்ட மேலதிகாரியின் பெயரை. சிக்தார் 1870-இல் இறந்தார். அவர் பங்கு நிறைய உள்ள அளவைக் கையேடு 1875-இல் மறுபதிப்பு வந்தபோது முன்னுரையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

"ஐயா, உலகத்திலேயே உயரமான மலையைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று அவர் மேலதிகாரி அறைக்குள் ஓடினார் என்ற கதையை யாரும் இங்கே கொண்டுவர வேண்டாம். பல வருஷக் கணக்கு அது, பல பேர் எடுத்த அளவுகள். எனக்கு அந்த மாஜிஸ்திரேட்டின் மூட்டைதான் பெரிதாகத் தெரிகிறது. கணக்குப் பண்ணுகிறவன் கூலிக்காரனுக்காக அபராதம் கட்டியது எத்தனை இடத்தில் நடந்திருக்கும்?

பிப்ரவரி 11

இலக்கியத்துக்கு வருவோம், தலைப்பை விட்டு ரொம்பத் தூரம் போகிறேன் என்று புகார் வந்திருக்கிறது.

வரி பற்றி நம் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்த பாட்டு, பிசிராந்தையார் பாண்டியனுக்குச் சொன்னது, 'காய்நெல் அறுத்துக் கவளம் கொளினே'. அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்து நெல்லும் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். அரசனுக்கு இதமாகச் சொல்கிறார். சபைக்குள் நிற்கிற ஆளின் குரல் அது. நீ நல்லவன்தான், உன்னைச் சுற்றி இருப்பவர்கள்தான் சரியில்லை என்று அரசன் தப்பிக்க ஒரு வாசலும் திறந்து வைத்திருக்கிறார்.

அகிலத்திரட்டில் அந்த வாசல் கிடையாது. அறிவுரை இல்லை. வரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சபிப்பதுதான். அரண்மனைப் பக்கமே வர விடாத ஆள் எதற்கு இதமாகச் சொல்ல வேண்டும்? தமிழில் அரசனைக் கண்டிக்கிற எழுத்து நிறைய உண்டு, எல்லாம் பெரும்பாலும் உள்ளே நின்று கண்டிப்பது. வெளியே நின்று எழுதிய ஒரு காவிய அளவுப் பாட்டு, அதுவும் சம்பந்தப்பட்ட ராஜா உயிரோடு இருக்கும்போதே, இதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொரு பாட்டு, புறநானூறு 229. கூடலூர் கிழார். பங்குனி மாதம், நடுராத்திரி, விண்மீன்கள் நின்ற நிலையை வரி வரியாகச் சொல்லி, ஒரு மீன் எரிந்து விழுந்ததைப் பார்த்தேன், அரசனுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன் என்கிறார். ஏழாம் நாள் சேரன் செத்தான். அவ்வளவு நுணுக்கமாக வானத்தைப் பார்த்த கண், பார்த்தது ஒரே ஆளுக்காக. யாருக்காக மேலே பார்க்கிறோம் என்ற கேள்வி அப்போதே இருக்கிறது. புரூன் காந்த ஊசியைப் பார்த்ததில் ராஜாவின் ஆயுள் இல்லை. அந்த வகையில் நட்சத்திர பங்களா பெரிய மாற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 12

கண்ணகி உள்ளே போய்த்தானே கேட்டாள், 'தேரா மன்னா' என்று? ஆமாம். வாயிற்காவலன் உள்ளே விட்டான், அதைக் கவனியுங்கள். 96 தப்படி தள்ளி நின்று சிலம்பை உடைத்திருந்தால் பரல் அரசன் வாயில் தெறித்திருக்காது.

பிப்ரவரி 20

"ராஜா ஆதரிக்காமல் விஞ்ஞானம் எங்கே வளர்ந்தது?" என்று ஒருவர் விடாமல் கேட்கிறார்.

புதுச்சேரியில் வளர்ந்தது, தரையில். 1825-இல் வாரன் என்ற அதிகாரி அங்கே ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்திக்கிறார். அந்த மனிதருக்கு இந்து வானியலின் கோட்பாடுகள்கூட ஒரு சொல்லும் தெரியாது. தரையில் சோழிகளை வைத்து நகர்த்துகிறார், எண்களுக்குப் பதிலாக மனப்பாடச் சொற்களை முணுமுணுக்கிறார். அந்த வருஷம் மே 31 இரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்துச் சொல்லிவிட்டார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிசகு 4 நிமிஷம். நடு நேரத்திலும் முடியும் நேரத்திலும் பிசகு கூடுதல்தான், ஆனாலும் சோழி!

இதைச் சொல்லிப் பெருமைப்படவும் எனக்குத் தயக்கம். அந்த மனப்பாடச் சொற்கள் யார் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தன? ராஜாவும் கருவியும் இல்லாமல் நடந்த விஞ்ஞானத்துக்கும் ஒரு வேலி இருந்தது. எங்கள் பாட்டியின் பாட்டியைச் சோழிப் பக்கமும் விட்டிருக்க மாட்டார்கள், தொலைநோக்கிப் பக்கமும் விட்டிருக்க மாட்டார்கள்.

மார்ச் 1

சுவாதிக்கு ஆதரவாக இரண்டு சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

ஒன்று: சுசீந்திரத்தில் கைமுக்கு என்று ஒரு சோதனை இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும், வேகாவிட்டால் நிரபராதி. அதை நிறுத்தியவர் சுவாதி திருநாள். இரண்டு: ஜெனரல் கல்லன் ரெசிடென்டாக வந்த பிறகு ராஜாவுக்கு மூச்சு விடவே இடமில்லை, சின்ன நியமனத்துக்குக்கூட மல்லுக்கட்டு. 33 வயதில் செத்துப்போனார். அவரைச் சர்வ வல்லமை படைத்த கொடுங்கோலனாக வரைவதும் பொய்.

சமர்கண்டில் உலுக் பெக் நாற்பது மீட்டர் ஆரத்தில் கோணமானி கட்டி ஆயிரத்துக்கு மேல் நட்சத்திரங்களுக்கு அட்டவணை போட்டவர். 1449-இல் சொந்த மகன் ஏவலில் தலை போயிற்று. விஞ்ஞான ராஜாக்களுக்கு ராஜாங்கம் சரிப்படுவதில்லை என்று ஒரு கட்சி உண்டு. இருக்கலாம். ஆனால் சிங்காரத்தோப்பில் இருந்தவரைப் புலிக்கூண்டில் தள்ளியதாக அகிலத்திரட்டு சொல்கிறது. ராஜாவின் மனக்கஷ்டத்தை அந்தக் கூண்டுக்குள்ளிருந்து எப்படி எடைபோடுவது என்று எனக்குப் புரியவில்லை.

மார்ச் 16

போன வாரம் திருவனந்தபுரம் போயிருந்தேன், கல்யாணம் ஒன்றுக்கு. காலையில் குதிரைமாளிகை. சுவாதி கட்டியது, உத்தரத்தின் கீழே வரிசையாக 122 மரக்குதிரைகள். பக்கத்தில் மேத்தன் மணி. தாடிக்காரன் முகம் ஒன்று, மணி அடிக்கும்போது வாய் திறக்கும், இரண்டு பக்கமும் இரண்டு ஆடுகள் வந்து கன்னத்தில் முட்டும். பதினொன்று ஆகப் பத்து நிமிஷம் இருந்தது, நின்றேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடமே அண்ணாந்து நின்றது. முட்டிற்று. பிள்ளைகள் கத்திய கத்தலில் எத்தனை முட்டு என்று எண்ண விட்டுப்போயிற்று.

ஆட்டோ பிடித்து முதலில் நட்சத்திர பங்களாக் குன்று. "மேலே ஒன்றும் இல்லையே சேட்டா" என்றார் ஓட்டுநர். இருக்கிறது, சின்னக் கட்டடம். அங்கிருந்து மணக்காடு பக்கம் சிங்காரத்தோப்பு என்றேன். அவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. மணக்காட்டில் இறங்கி இரண்டு கடையில் கேட்டோம். மூன்றாவது கடைக்காரர் என் பேச்சைக் கேட்டதும் தமிழிலேயே, "பதியா? நாரோயிலா நீங்க?" என்று கேட்டுவிட்டு வழி சொன்னார். பதி என்றால் அய்யாவழிக் கோயில்.

குன்றிலிருந்து அங்கே நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோ மீட்டரைப் பார்க்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன், இறங்கும்போது மறந்துவிட்டது. இந்த முறை துண்டை நானே கட்டிக்கொண்டேன். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துதான் நின்றது.